மூன்றாவது சந்து

ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை.

கணவனின் தலையை அவள் மடியில் வைத்திருந்தாள். ஏகாம்பரத்தின் பனியன் வேர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. மூச்சு வந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவளுக்கு உயிர் போய் வந்தது.

மத்தியானம் மூன்று மணி. எட்டாவது மாடி.

போன் செய்தபோது தடுமாறவே இல்லை. பெயர், வயது, நெஞ்சுவலி. விலாசத்தைக் கடகடவென்று சொன்னாள். திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அப்போதும் பிசகவில்லை.

முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

அவன் தலைக்கடியில் தலையணையை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். எதிரே ஒரு கட்டடம். அதற்குப் பின்னால் அதே மஞ்சளில், அதே ஜன்னல்களோடு இன்னொன்று. கட்டியவனுக்கு ஒரே ஒரு படம்தான் வரையத் தெரியும் போலிருக்கிறது. சைரன் சத்தம் எங்குமே இல்லை.

"யோவ், இதோ வந்துடுவாங்க. கண்ண மூடாதய்யா."

போன் அடித்தது.

"ஆம்புலன்ஸ் டிரைவர் பேசறேம்மா. எல்லையம்மன் கோயில் மூணாவது சந்துன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க. ஆத்தோரம். இருபத்தேழாம் நம்பரு."

"அங்கதாம்மா நிக்கிறேன். இங்க வூடே இல்லியே. எல்லாத்தையும் இடிச்சுப் போட்டிருக்கு."



இடித்த அன்று அவளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். பானை சட்டியோடு லாரியில் ஏற்றி, இருபது கிலோமீட்டர் தள்ளி இங்கே இறக்கிவிட்டு நான்கு மாதம் ஆகிறது. முப்பது வருடம் சொல்லிப் பழகிய விலாசத்தை வாய் விடவில்லை. பாழாய்ப்போன வாய்.

"இப்ப எங்கம்மா இருக்கீங்க?"

பஸ்ஸை விட்டு இறங்கினால் தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த கட்டடம். அவ்வளவுதான் தெரியும். நம்பரெல்லாம் சர்க்கார் கொடுத்த வீட்டு ஒதுக்கீட்டுச் சீட்டில் இருக்கும். அதை எங்கே வைத்தான் என்பது தரையில் கிடக்கிறவனுக்குத்தான் தெரியும்.

வராந்தாவுக்கு ஓடினாள். இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். பழைய சந்தில் ஒருத்தி பலமாக இருமினால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். இங்கே பக்கத்துக் கதவுக்குள் யார் என்றுகூட இவள் கேட்டதில்லை. இந்த இடமே வேண்டாம் என்று வீம்பாக இருந்துவிட்டாள்.

அந்தக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

மாவுக் கையோடு ஒருத்தி திறந்தாள். இவள் தன் வீட்டைக் காட்டினாள். அவள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் வராந்தாவே அதிரும்படி கத்தினாள்.

கதவுகள் திறந்தன.

ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். வந்தது ஆறு பெண்கள். லிப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. போர்வையை விரித்து ஏகாம்பரத்தைக் கிடத்தி, மூலைகளை முறுக்கிப் பிடித்தார்கள்.

டிரைவர் இன்னும் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாவுக் கைக்காரி அதைப் பிடுங்கினாள்.

"ஆத்தோரத்து ஜனங்களக் கொண்டாந்து வுட்ட குடியிருப்பு, நாப்பத்தொண்ணாம் பிளாக்கு. எட்டாவது மாடி, பதினோராம் நம்பரு. கிட்ட எந்த வண்டி கீதோ அத்த அனுப்பச் சொல்லுப்பா. நாங்க தூக்கினு எறங்குறோம்."

"நீங்க யாரும்மா?"

"பக்கத்து வூடு."

போர்வையின் ஒரு மூலை இவள் கையில் இருந்தது. கனத்தது. ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

நாற்பத்தொன்று. எட்டாவது மாடி. பதினொன்று.

ஏகாம்பரத்துக்கு மூச்சு வந்தது.

இவள் அந்த விலாசத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.