எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் வீடு

கேட்டைத் தள்ளும்போதே உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் சிரிப்பு இல்லை, ஒரு மேசை நிறைந்த சிரிப்பு. சிவநந்தினிக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது.

அலுவிகாரையில், சுற்றுலா வேன்கள் ஓயாமல் ஓடும் பெரிய வீதியோரம் இருக்கும் இந்த வீட்டை வரைந்தவள் அவள்தான். மாத்தளை டவுனில் இருந்த கடையை விட்டுவிட்டு, அழகமுத்துவும் ராசம்மாவும் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. கொழும்பில் ஒரு மகன், டோகாவில் ஒரு மகன்; இருவரும் குடும்பத்தோடு வந்து கூடவே இருக்கட்டும் என்ற நினைப்பு.

பால் காய்ச்சிய அன்று இரண்டு மகன்களும் வரவில்லை; சிவநந்தினி அவர்களை நேரில் பார்த்ததே இல்லை. போனில் குரல் மட்டும் வந்தது. அதையும் அழகமுத்து வந்தவர்கள் காதிலெல்லாம் வைத்துக் கேட்கவைத்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

சிவநந்தினி வீடு வரைகிற விதமே தனி. முதலில் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவாள், அப்புறம்தான் பென்சிலைத் தொடுவாள். நடு வீட்டில் நீளமாக ஒரு பலா மர மேசை, எல்லா அறைக் கதவும் அதைப் பார்த்துத்தான் திறக்கும். ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் குளிக்கக்கூடப் போக முடியாது. ஊரில் பாதிப் பேர் அவளை 'மேசை மிஸ்' என்பார்கள், கிண்டலாகத்தான்.

கிண்டல் பண்ணக் காரணமும் இருந்தது. இரத்தோட்டையில் அவள் கட்டிக்கொடுத்த வீட்டில் மேசைமேல் அழுக்குத் துணி குவிந்து கிடக்கிறது. ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். டவுனில் ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு, மேசையை அறுத்தெடுத்துவிட்டு நடுவில் சுவரே எழுப்பிவிட்டார்கள். மனிதர்களைச் சேர்த்து வைக்க வீட்டால் ஆகாது என்று அவளுக்கே மனது விட்டுப்போயிருந்தது.

கொழும்பில் ஒரு கம்பனி தொடர்மாடி வரையக் கூப்பிட்டிருந்தது. தனி ஆள் தங்குகிற குட்டிக் குட்டி அறைகள். ஒரு கதவு, ஒரு அடுப்பு, அவ்வளவுதான். இன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். கடைசியாக இந்த வீட்டையும் ஒரு கண் பார்த்துவிட்டுச் சரி சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

உள்ளே மேசையின் ஒரு பக்கம் நிறைய ஆட்கள். ஒரு முனையில் நெற்றி நிறையத் திருநீறோடு அழகமுத்து. அவருக்கு அடுத்து இரண்டு இளைஞர்கள், சேலை கட்டிய ஒரு பெண், அவள் மடியில் சாய்ந்து ஒரு சிறுமி. எதிர்ப்பக்கத்து வாங்குப் பலகை மட்டும் காலியாக இருந்தது. சட்டிகளில் சோறும் பிஞ்சுப் பலா பொலோஸ் கறியும் மூடியபடி ஆவி விட்டன, யாரும் இன்னும் கை வைக்கவில்லை.

"வாங்க மிஸ், வாங்க," ராசம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க."

"எல்லாரும் வந்துட்டாங்களாம்மா?" சிவநந்தினி மேசையையே பார்த்தபடி கேட்டாள்.

"வந்துட்டாங்க மிஸ். பன்னெண்டு மணி ஆச்சுன்னா டாண்ணு வந்து உக்காந்துருவாங்க. ஒருத்தரும் லேட் ஆக மாட்டாங்க."

"தெனமுமா?"

"பௌர்ணமி போயா லீவுக்கு மட்டும் இல்ல. மத்த நாளெல்லாம் இப்பிடித்தான்."

அதற்குள் சேலை கட்டிய பெண் எழுந்து சமையலறைக்குள் போனாள். "அம்மா, உப்பு எங்க வச்சிருக்கீங்க?" என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள். மருமகளுக்கு இன்னும் சமையலறை பழகவில்லை போலும் என்று சிவநந்தினி தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

"இந்த மேசதாம்மா இவங்கள கூட்டிட்டு வந்திருக்கு," என்றாள்.

"ஆமா மிஸ். இது இல்லேன்னா இந்த வீட்டுக்கு யாரு வரப்போறாங்க." ராசம்மா மேசைப் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

சிவநந்தினியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. வாசலுக்கு வந்து கொழும்புக்குப் போன் எடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க, நான் வரல்ல. எனக்கு இங்கதான் வேல."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இன்னைக்கே வேற ஆள போட்டுருவோம்," என்றது அந்தப் பக்கம்.

"போட்டுக்குங்க," என்று வைத்துவிட்டாள். இத்தனை வருடம் பட்ட கேவலமெல்லாம் ஒரே மூச்சில் கழுவிப்போனது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போவது என்று இருந்தாள்.

வெளியே ஒரு வேன் வந்து நின்றது. கழுத்தில் கேமராவோடு வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். வேன்காரர் கையைக் காட்ட, நேராக உள்ளே வந்து அந்தக் காலி வாங்கில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

சிரிப்பு சட்டென்று நின்றது. ராசம்மா சட்டிகளின் மூடியைத் திறக்க ஆரம்பித்தார். இளைஞர்கள் இருவரும் தலையைக் கோதிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அழகமுத்து அந்த இருவர் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"இன்னைக்கு மூத்த மகன் யாரு?"