முழுசா அழிச்சிட்டு

இன்னும் இருபது நிமிஷம் கரண்ட் இருக்கட்டும். மழை வேண்டுமானால் வரட்டும், இடி இடிக்கட்டும். கரண்ட் மட்டும் போகக் கூடாது.

துஷ்யந்தி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

லாப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது. வயரில் கரண்ட் நின்றால் அந்த நொடியே அதுவும் அணைந்துவிடும். பாதி பதிந்த விண்டோஸ் பாதியிலேயே நிற்கும்.

திரையில் ஐம்பத்தெட்டு வீதம்.

மணி இரண்டேகால். ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடிவிடும். முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி, கண்டியில் ஒரு வருடம் தங்கிப் படிக்க வேண்டும். போனில் அந்தப் படிவம் இரண்டாம் பக்கத்துக்கு மேல் நகரவில்லை.

"அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கா?" அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "பாக்குற எனக்கே தலை சுத்துது."

"கொஞ்ச நேரம்மா."

ஓப்பநாயக்க டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹஸீப்தான் பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். செய்யவேண்டியதை ஒரு பிஸ்கட் அட்டையின் பின்புறம் எழுதியும் தந்தான். முழுசா அழிச்சிட்டுப் போடுங்க டீச்சர், கொஞ்சம் மிச்சம் வெச்சாலும் பழைய கரச்சல் திரும்ப வரும் என்றான்.

தொடங்கும்போது, அழிக்கவேண்டிய டிஸ்க்கின் பழைய பகுதிகள் திரையில் நான்கு வரிகளாக இருந்தன. முதல் வரியை அழிக்குமுன் பிஸ்கட் அட்டையை மூன்று முறை படித்தாள். நான்காவதற்கு அட்டையைப் பார்க்கவில்லை.

எல்லாம் போன பிறகு ஒரே ஒரு வரி மிஞ்சியது. ஒதுக்கப்படாத இடம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இந்த எஸ்டேட் லயத்து அறையில் அப்படி ஓர் இடத்தை அவள் கண்டதில்லை.

எழுபத்தொன்று. எண்பத்து நான்கு.

மழை தகரத்தில் இறங்கியது. பல்பு ஒருமுறை மங்கியது. பல்பு மறுபடி பிரகாசித்தது.

லாப்டாப் அணைந்து, தானாகவே விழித்தது. எந்த நாடு என்று கேட்டது. எந்தக் கீபோர்ட் என்று கேட்டது. பிறகு, யாருடைய மெயில் என்று கேட்டது.

அப்போதுதான் அம்மாவின் போன் அடித்தது. கொழும்பிலிருந்து அண்ணன் நிரோஷன்.

"உள்ள போயிட்டியா? என் மெயிலயே போடு. எல்லாம் பழையபடி வந்துரும்."

நிரோஷன் சொல்வது சரிதான். ஒரு மெயில் முகவரி போதும். அழித்ததெல்லாம் எங்கிருந்தோ இறங்கி வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த லாப்டாப் அவன் தந்தது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தபடி கொண்டுவந்தான். திறந்தால் அவன் பெயர்தான் வரும். அவளுக்கு மெயில் திறந்து கொடுத்ததும் அவன், பாஸ்வர்ட் வைத்ததும் அவன். அவளுக்கு வரும் கடிதங்கள் அவன் போனிலும் விழும். அதை அவள் ஒருநாளும் தவறாக நினைத்ததில்லை.

போன வருடமும் இதே பயிற்சிக்கு எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. தீபாவளிக்கு வந்த நிரோஷன், அழுதுகொண்டிருந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து, எஸ்டேட் புள்ளைங்கள எங்க எடுக்கப் போறானுங்க, விடு தங்கச்சி என்றான்.

நம்பினாள். கண்டியில் இருக்கும், முகம் தெரியாத யாரோ ஒருவரை ஒரு வருடம் வெறுத்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, அவள் படிப்பிக்கும் முன்பள்ளிப் பிள்ளைகளின் கலைவிழாப் படங்களைத் தேடும்போது, அனுப்பிய மெயில்களின் அடியில் அது கிடந்தது. நேர்முகத் தேர்வுக்கு அவளை அழைத்திருந்தார்கள். அவள் பெயரிலேயே ஆங்கிலத்தில் இரண்டு வரிப் பதில் போயிருந்தது. குடும்பச் சூழ்நிலையால் வர முடியாதாம். நன்றியும் சொல்லியிருந்தது.

அன்றைக்குத்தான் லாப்டாப்பில் வைரஸ் என்று அம்மாவிடம் சொன்னாள். அண்ணனிடமும் சொன்னாள். ஹஸீப் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வைரஸ் ஒன்றுமே இல்லையே டீச்சர் என்றான். இருந்தாலும் அழிக்கணும் என்றாள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

நிரோஷன் கெட்டவன் இல்லை. அப்பா போன பிறகு அவன்தான் எல்லாம். அம்மா தனியாகிவிடுவாளே என்று நினைத்திருப்பான். கேட்டிருந்தால் அவளே போகவில்லை என்று சொல்லியிருக்கவும் கூடும். அவன் கேட்கவில்லை. அதுதான் நெஞ்சுக்குள் இறங்காமல் நின்றது.

நேற்று இரவு அவள் அம்மாவிடம் கேட்டாள். போயிட்டு வாடி, நான் என்ன புள்ள மடுவத்துல விட்டுட்டு வேலைக்குப் போற கைப்புள்ளையா என்று அம்மா சிரித்தாள்.

"லைன்ல இருக்கியா?" என்றான் நிரோஷன்.

"இருக்கேன்ணே. நான் புதுசா ஒரு மெயில் தொறந்துட்டேன். அதையே போட்டுக்கிறேன்."

அந்தப் பக்கம் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்டது. அதற்கு மேலாக நிரோஷன் குரலை உயர்த்தினான்.

"சரி, அப்ப பாஸ்வர்ட மட்டும் எனக்கு அனுப்பி வை. நீ மறந்துருவ."

"மறக்க மாட்டேன்ணே" என்றாள்.