யாரும் வாசிக்கலாம்

லில்லியின் புற்றுநோய்க்கான மாத்திரையை எப்படிச் செய்வதென்று அதன் காப்புரிமை ஆவணத்திலேயே விளக்கமாக எழுதியிருந்தது. சாய ஆலையில் இருபது வருடமாகக் கெமிஸ்டாக இருக்கும் அவள் கணவன் அருளப்பன், மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான்.

“ரசம் வைக்கிற மாதிரிதான இருக்கு,” என்றாள். “உங்களுக்கு அதுவே வராது.”

“இது வரும். நாலு நாள் போதும்.”

“அப்புறம் என்ன?”

“படிக்கத்தான் விடுவாங்க லில்லி. மத்தவங்க செய்யணும்னா காப்புரிமை முடியணும், அதுக்கு இன்னும் ஒன்பது வருசம் போகணும்.”

மருந்துக் கம்பெனி கேட்கும் விலைக்கு இவர்கள் வீட்டை விற்றாலும் போதாது. மாத்திரை இல்லாவிட்டால் ஆறு மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“கடைசி வரிய இன்னொரு தடவ வாசிங்க.”

“வெள்ளைப் படிகங்களை வடிகட்டி, உலர்த்தி, மாத்திரையாக அழுத்தவும்.”

அவன் நிமிர்ந்தபோது லில்லி கண்களை மூடிக்கொண்டு, தேவாலயத்தில் அப்பம் வாங்குவதுபோல நாக்கை நீட்டியிருந்தாள்.