மூன்று சொட்டு

1952 மார்ச்சில், மலாயாவின் கோலசிலாங்கூரை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், பாலும் சீனியும் கலக்காத தேத்தண்ணியைத் தவிர வேறு உணவு எதையும் கம்பி வேலிக்கு வெளியே கொண்டுபோகத் தடை இருந்தது.

“இது என்னா அகதா?” வாசல் காவலில் நின்ற கான்ஸ்டபிள் உடையப்பன் அவளுடைய மரப்பால் வாளிக்குள்ளிருந்து பவுடர் டப்பாவை எடுத்தான்.

“முகத்துக்குப் பூசுற பவுடர்ண்ணே.”

“மரம் சீவப் போறவளுக்கு மேக்கப்பு! யாரு பாக்க, கொரங்கா? அரிசி மாவு மாதிரி இருக்கே.”

அரிசி மாவேதான். ஆற்றுக்கு அக்கரையில் அக்கா யூஜினியாவுக்குப் பால் வற்றிவிட்டது; கைக்குழந்தைக்குக் கஞ்சி வேண்டும். ஆனால் பிடிபட்டால், காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோனதாகத்தான் எழுதுவார்கள். விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளுவார்கள்.

உடையப்பன் மாவைத் தொட்டு நாக்குக்குக் கொண்டுபோனான்.

“வாயில வைக்காதீங்க!”

அப்போதுதான் வாசலில் வந்து நின்ற காரிலிருந்து இறங்கியவர் டாக்டர் சிவானந்தம். இதே தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகன். மரப்பால் கெடாமல் காக்கும் ரசாயனம் கண்டுபிடித்து லண்டனில் தங்கப் பதக்கம் வாங்கியவர். இன்று அவருக்குத் தோட்டத்தில் பாராட்டு.

“கண்ட பொடியையும் தின்னா நாக்கு வெந்துரும். எங்கிட்ட ஒரு மருந்து இருக்கு. அரிசி மாவுல பட்டா மை மாதிரி நீலமாயிரும். பாத்துரலாம்.”

பின்னிருக்கையில் குனிந்து சற்று நேரம் எதையோ தேடினார். பழுப்பு நீர் நிறைந்த சின்னப் புட்டியோடு திரும்பினார்.

வேலைக்குக் கிளம்பிய சனம் முழுக்கச் சூழ்ந்துகொண்டது.

“தள்ளுங்கலா! பதக்கம் வாங்குன கை, நானும் பாக்கணும்!”

அகதா கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்தாள். டப்பா மூடியில் கொஞ்சம் மாவைக் கொட்டி, அவர் மூன்று சொட்டு விட்டார்.

பழுப்பு. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பழுப்பாகவே இருந்தது.

“அரிசி இல்ல. வெறும் பவுடர். அனுப்புங்க.”

“படிச்சவங்க படிச்சவங்கதான்லா!” உடையப்பன் சல்யூட் அடித்து வழிவிட்டான்.

அகதாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் கையால் இடித்த மாவு எப்படி அரிசி இல்லாமல் போனது? மாதாவே, இது உன் புதுமையா?

மரங்களுக்குள் மறைந்த பிறகுதான் தைரியம் வந்தது. மூடியில் ஒட்டியிருந்த ஈர மாவை முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

பாலும் சீனியும் கலக்காத தேத்தண்ணி.