புது டிஸ்க்கின் மேல் பழி

ஒரு கம்ப்யூட்டருக்குள் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். பெரியவன் கழுத்துவரை நிரம்பியிருந்தான். புதிதாக வந்த சின்னவள் வெறும் வயிற்றோடு காத்திருந்தாள். அவளுக்கென்று வந்த முதல் கேம், "டிஸ்க்கில் இடமில்லை" என்று திரையில் எழுதிவிட்டு நின்றுகொண்டது.

"என்கிட்டதான் அவ்வளவு இடம் கிடக்கே!" என்றாள் சின்னவள்.

"உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி என் மூட்டையைப் பிரிக்க பெரியவர்கிட்ட கொஞ்சம் இடம் வேணும்மா," என்றது கேம். "அவர் நகர மாட்டேங்கிறாரே."

"அண்ணே, பழைய குப்பை எதையாவது தள்ளுங்களேன். இல்லேன்னா என்னைக் கழற்றிடுவாங்க."

"வந்தவதான் அனுசரிச்சுப் போகணும்," என்றான் பெரியவன்.

கம்ப்யூட்டரின் சொந்தக்காரன் இளம்பரிதி அவள் கேபிளை மாற்றிப் பார்த்தான். அவளைத் துடைத்துத் துடைத்து கேமை மறுபடி ஏற்றிப் பார்த்தான். கடைசியில், "இந்தப் புதுசுதான் சரியில்லை," என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"யார்கிட்ட இடமில்லைன்னு நீங்களாவது எழுதிக் காட்டுங்களேன்," என்று அவள் கேமிடம் கெஞ்சினாள்.

"பெரியவரைப் பகைச்சுக்கிட்டு நான் எப்படிம்மா இங்க..."

அது சொல்லி முடிக்குமுன் அவள் கேபிள் கழன்றுவிட்டது.