கூடைக்குள் போன ஒழுங்கு

“திறக்காதும்மா, எப்படித் திறக்கும்? உன் கை பட்டப்புறம் இந்த வீட்ல எது ஒழுங்கா திறந்திருக்கு?”

மாமனார் கணினியின் முன் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அந்த அலுவலகத்துக்குத்தான் கிடைத்தது. அவருடைய கண்காணிப்பு ஓயவில்லை.

மருமகள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

கணினி சில வாரங்களாக நத்தையாகிவிட்டது. வேண்டாததை அழித்து இடத்தை மீட்க, அதற்குள்ளேயே ‘டிஸ்க் கிளீனப்’ என்று ஒரு துப்புரவுக் கருவி இருப்பதாக நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அதைத்தான் காலையிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறார். அது அசைந்து கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை அவருடைய புத்தகம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஓய்வு பெற்ற நாள் முதல் எழுதிவரும் புத்தகம். ‘அலுவலகத்தில் ஒழுங்கு’ என்று பெயர். கடைசி அத்தியாயம் மட்டும் பொருத்தமான உதாரணம் அகப்படாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

“நீதான் ஏதோ பண்ணி வெச்சிருக்கே. ஒத்துக்கோயேன். தப்பு பண்றது பெரிசில்லை. ஒத்துக்கிறதுக்குத்தான் நெஞ்சுல உரம் வேணும். என் கடைசி அத்தியாயமே அதைப் பத்தினதுதான்.”

“புத்தகம் அச்சுக்குப் போகட்டுமே மாமா. சுத்தம் பண்றதை அப்புறம் வெச்சுக்கலாம்.”

“கேட்டுக்குங்க!” என்றார் மாமனார், பையோடு உள்ளே வந்த கணினி பழுதுபார்ப்பவரிடம். “குப்பையோட குடித்தனம் பண்றதுல அவளுக்கு ஒரு சுகம்.”

வந்தவர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எதையெதையோ திறந்தார், மூடினார். பிறகு தாடையைத் தடவினார்.

“சார், இது கெட்டுப்போகலை. திறக்கக் கூடாதுன்னே யாரோ தடை போட்டு வெச்சிருக்காங்க.”

“யாரோ என்ன யாரோ! கம்ப்யூட்டர் வேலை பாக்குறவ இந்த வீட்ல ஒருத்திதான்.”

“நான்தான் மாமா போட்டேன்,” என்றாள் மருமகள்.

“பாத்தீங்களா? துடைப்பத்தை ஒளிச்சு வெச்சுட்டு, வீடு ஏன் நாறுதுன்னு கேக்கிற ரகம்! எதுக்கும்மா போட்டே?”

அவள் பழுதுபார்ப்பவரை ஒருமுறை பார்த்தாள். “அப்புறம் சொல்றேன் மாமா.”

“இப்பவே சொல்லு. உன் சாமர்த்தியத்தை அவரும் கேக்கட்டும்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள். திருட்டுத்தனம் பிடிபட்டால் எல்லாருக்கும் இப்படித்தான் வாய் அடைத்துப்போகும் என்று மாமனார் எண்ணிக்கொண்டார். தம் பணிக்காலத்தில் இப்படிக் குனிந்த தலைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

தடை நீங்கியது. கருவி திறந்தது.

“எதையெல்லாம் அழிக்கணும்னு கேக்குது சார்.”

“எல்லாத்தையும் டிக் பண்ணுங்க. குப்பைக்கு என்ன தாட்சண்யம்?”

மருமகளின் கையிலிருந்த சட்டை நழுவியது. “அண்ணே, அந்தக் குப்பைத்தொட்டியை மட்டும் விட்டுடுங்க!”

“குப்பைத்தொட்டியை விட்டுட்டு வேற எதைக் கொட்டுவாராம்?” மாமனார் கைகொட்டிச் சிரித்தார். “அதைத்தான் முதல்ல கொட்டணும். அழிங்க சார்!”

“இருங்க, கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பாக்குறது என் பழக்கம். இப்படித்தான் ஒரு வீட்ல கல்யாண போட்டோ மொத்தமும் போயி, அந்தம்மா என்னை அடிக்காத குறை.”

திரையின் மூலையிலிருந்த கூடையை அவர் திறந்தார்.

முன்னுரை. அத்தியாயம் ஒன்று. அத்தியாயம் இரண்டு. வரிசையாக, ஒழுங்காக, ஒன்று குறையாமல்.

“சார்… இது உங்க புத்தகமா? குப்பைத்தொட்டியிலயா?”

மாமனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை நோக்கிக் குனிந்தார்.

அந்தக் கூடை, அலுவலகத்தில் அவருடைய மேசைமேல் இருந்த கூடையைப் போலவே இருந்தது. மறுநாள் எடுக்க வேண்டிய கோப்புகளை அதில் போட்டுவிட்டுத்தான் மாலையில் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அந்த வழக்கப்படியே இங்கும் மாலையில் அத்தியாயங்களை இழுத்துக் கூடையில் போட்டார். காலையில் வெளியே இழுத்து எழுதினார். கூடைக்குக் கீழே எழுதியிருந்ததைப் படிக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

“மாமா, அந்தக் கூடையில…” என்று மருமகள் ஒருநாள் ஆரம்பித்ததும், “என் மேசையை எனக்கே சொல்லித்தர வந்துட்டியா?” என்று தாம் அவள் வாயை அடைத்ததும் நினைவுக்கு வந்தன. கருவி திறக்காமல் போனது அதற்குப் பிறகுதான்.

“யார் சார் இப்படி…?” பழுதுபார்ப்பவரின் உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

“நான்தாண்ணே,” என்றாள் மருமகள் சட்டென்று. “மாமா பத்திரமாத்தான் வெச்சிருந்தாங்க. நான்தான் கை தவறி அங்க தள்ளிட்டேன். சொன்னா திட்டுவாங்களேன்னு பயந்து, யாரும் கொட்டிடாம தடையும் போட்டு வெச்சேன்.”

பழுதுபார்ப்பவர் அவளைப் பார்த்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை போதும். அறை அதற்காகக் காத்திருந்தது.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நல்லவேளை, நான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். இல்லேன்னா அத்தனையும் போயிருக்கும்.”

பிறகு மருமகளின் பக்கம் திரும்பினார். குரலில் பெருந்தன்மை வழிந்தது.

“போகட்டும். நாலு பேர் பாக்க ஒத்துக்கிட்டியே, அந்த மட்டும் சந்தோஷம். ‘தவறை ஒப்புக்கொள்ளுதல்’ அத்தியாயத்துக்கு ஓர் உதாரணம் தேடிக்கிட்டிருந்தேன். உன்னையே எழுதிடுறேன்.”