கலவை வைக்காத கல்

அண்ணன் தம்பி சண்டையில், பொது முற்றத்துக்கு நடுவே செங்கல் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கொத்தனார் தண்ணீரில் ஊறிய கல்லைக் கையில் எடுத்ததும், அண்ணன் மனைவி பூனை மாதிரி வந்து நின்றாள்.

“அண்ணே, ஒரே ஒரு கல்லை மட்டும் கலவை வைக்காம சும்மா சொருகி வைங்க. உருவிட்டு என் ஓரகத்திகிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்குவேன். எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா தொலைச்சுடுவாரு!”

கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

“இனிமே முடியாதும்மா. சுவரு நிக்காது.”

“ஒரு கல்லுக்கா?”

“உங்க ஓரகத்தி கேட்டு ஒண்ணு, உங்க கொழுந்தன் கேட்டு ஒண்ணு, ஏற்கெனவே சும்மாதான் இருக்கு.”

நாற்காலி உயரத்தில் இருந்த இன்னொரு கல்லைக் கரண்டியால் தட்டினார்.

“இது உங்க வீட்டுக்காரரு கேட்டது. ‘என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா தொலைச்சுடுவா’ன்னாரு.”